முதல் எழுத்து மட்டும் அழிந்தது

யோசனை வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வண்ணார்பேட்டையில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபுக்குக் கம்ப்யூட்டர் விற்ற கடை அது. எங்கள் ஹார்டு டிஸ்க் நாலைந்து நாளாகப் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் சத்தம் போட்டது. வாரண்டி முடியவில்லை, பழையதைக் கொடுத்தால் புதியது கிடைக்குமா என்று கேட்கப் போயிருந்தேன். நாளைப் பகல் பதினொரு மணிக்குள் கொண்டுவந்தால் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சென்னைப் பார்சலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னான் அங்கே சர்வீஸ் பார்ப்பவன். என் வயசுதான். பாபநாசத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏலே, இங்கன வா. ஒரு கூத்து காட்டுதேன்" என்றான்.

இதேபோல யாரோ திருப்பிக் கொடுத்த டிஸ்க் அவன் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கடிதம். பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாமனாரிடம் ஒரு மருமகன் கெஞ்சியிருந்தான். சர்வீஸ்காரன் அதை மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வாசித்தான். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அழிச்சிட்டுத்தாம்ல குடுத்திருக்கான், பாவம். அழிச்சா பைல் பேருல முதல் எழுத்துதான் போவும். மிச்சம் அப்படியே கிடக்கும். நாம ஒரு எழுத்தப் போட்டா எந்திரிச்சு வந்திரும்."

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாளைக்கு இதே மேஜையில் எங்கள் டிஸ்க் ஓடும்.

லேபில் கம்ப்யூட்டர் வைக்கச் சொல்லி லேப் நடத்தும் அண்ணாச்சியை நச்சரித்தவன் நான். ஒவ்வொருவர் ரிப்போர்ட்டுக்கும் ஒரு பைல். பைலின் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம் என்பதால் முதலில் இனிஷியல், பிறகு ஆளின் பெயர் என்று நானே ஒரு முறை வகுத்து அதில் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் வந்த சில மாசத்தில் ஒரு அக்கா வந்தாள். பாபநாசம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு சமைப்பவள். லாரி ஓட்டிய புருஷன் மெலிந்து மெலிந்து செத்துப்போயிருந்தான். ஆஸ்பத்திரியில் அவளையும் எய்ட்ஸ் சோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஊரில் செய்தால் தெரிந்துவிடும் என்று இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தாள். என் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, பேரு போடாம நம்பர் மட்டும் போட்டா ஆவாதா?"

அப்போது நான் சொன்ன பதில் ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "எக்கா, நோட்டுன்னா நாலு பேரு புரட்டுவான். இதுக்குள்ள இருக்கத என்னத் தவிர ஒருத்தனாலயும் பாக்க முடியாது."

அவள் பெயரைச் சொன்னாள். தட்டினேன். மூன்றாம் நாள் ரிசல்ட்டையும் நானே தட்டினேன். இருக்கிறது என்று வந்திருந்தது. அவள் கவரை வாங்கி மாராப்புக்குள் வைத்துக்கொண்டு, "அடுப்படியில நிக்கணும் தம்பி, அது போச்சுன்னா ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சர்வீஸ்காரனின் அண்ணன் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் மத்தியானம் சாப்பிட்டார்கள். ஒரு தடவை பேச்சுவாக்கில் அவனே சொல்லியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் பயந்துபோய் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் ஒரு பிள்ளையும் தட்டை நீட்டாது.

லேபுக்கு ஓடிவந்து, வேண்டியதையெல்லாம் பிளாப்பிகளில் எடுத்துக்கொண்டு, மொத்தத்தையும் அழித்தேன். பிறகு, அவன் செய்ததுபோலவே மீட்டுப் பார்த்தேன். பட்டியல் வந்தது. ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் ஆளின் பெயர். நம் ஊரில் முதல் எழுத்து அப்பனுடையது, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷனுடையது. போனது அவர்கள்தான். ஆட்கள் அப்படியே இருந்தார்கள். அந்த அக்காவின் வரியிலும் செத்துப்போன புருஷனின் எழுத்து மட்டும் போயிருந்தது.

சும்மா அழித்தால் போதாது, எழுதியதன் மேலேயே எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தில் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். டிஸ்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெறும் பூஜ்யமாக நிரப்பும் புரோகிராம். மத்தியானம் முழுக்க ஓடியது. கேள்விக்குறிகள் மறைந்தன, பெயர்கள் மறைந்தன. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றது. அந்த இடம் எழுத விடவில்லை. அதைத் தாண்டி மிச்சத்தை முடித்துவிட்டு, அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். ஒன்பது முறை மறுத்தது. பத்தாவது முறை திரையில் வந்தது அவள் ரிப்போர்ட். பைல் பெயர் இல்லை, உள்ளே அடித்தது என்பதால் இந்த முறை இனிஷியலோடு. ஊர், வயசு, ரிசல்ட்டு, எல்லாம்.

அண்ணாச்சியிடம் போய், டிஸ்கைத் திறந்து தகட்டை உடைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாரண்டி சீல உடைச்சா மாத்தித் தர மாட்டான். நாளைக்கு வாரவனுக்கு ரிப்போர்ட்ட எதுல அடிப்ப?"

"ஒரு பேரு அழிய மாட்டேங்கு அண்ணாச்சி."

"அத்தன பேரையும் அழிச்சிட்ட. ஒண்ணுதானல."

"அந்த ஒண்ணுதான் அண்ணாச்சி."

யாரென்று அவருக்குப் புரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பைய, "நான் அவளுக்கு வாக்குக் குடுக்கல. நீ குடுத்த. பதினொரு மணி வரைக்கும் என்ன செய்யணுமோ செய்யி. அதுக்கு மேல அங்கன கொண்டு குடுத்திரு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நம்பர் போட்டிருக்கலாம். ஒரு நொடி வேலை. எனக்கு என் மெஷினைப் பற்றிப் பீற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

குளிர வைத்தால், சிக்கிக்கொண்ட டிஸ்க் சுருங்கிக் கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சுற்றும் என்று ஒரு பத்திரிகைக் கேள்வி பதிலில் படித்திருந்தேன். உண்மையா புளுகா என்று தெரியாது. லேபை அடைக்கிற நேரத்தில் டிஸ்கைக் கழற்றி, ஈரம் ஏறாமல் இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பிரிட்ஜைத் திறந்தேன். ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணி உள்ளே வைத்தேன்.

காலை ஏழு மணிக்கு வந்து திறக்க வேண்டும். குளிர் போவதற்குள் மாட்டி, மற்ற எங்கும் போகாமல், அந்த ஓரிடத்தில் மட்டும் புரோகிராமை ஓட்ட வேண்டும். அந்த இடம் எழுத விட்டால் மேலுக்கு மேல் பத்து முறை, விடாவிட்டால் மறுபடி குளிர வைத்து, பதினொரு மணி வரைக்கும்.