காலி மணல்வெளி என்று எழுதப்பட்ட எங்கள் தெரு

எங்கள் சொந்த ஊரான கருக்களாச்சேரியில், வீட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு சென்னையின் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அந்த நகரத்தில் மறைந்துபோன இடங்களையெல்லாம் ஒரே படத்தில் காட்டும் கண்காட்சி ஒன்று வரப்போகிறது. இடிந்த சினிமாக் கொட்டகைகள், டிராம் பாதைகள், தூர்ந்த குளங்கள் எல்லாம் உண்டு. படம் தாள்தாளாக வரும். பிழை இல்லையென்று நான் கையெழுத்திட்டால்தான் ஒவ்வொரு தாளும் அச்சுக்குப் போகும்.

பதினேழாம் தாளில், சென்னையில் முன்பு நாங்கள் குடியிருந்த எங்கள் தெரு இருக்க வேண்டும். இல்லை. அந்த இடத்தில் மஞ்சள் பூசி, ‘காலி மணல்வெளி’ என்று எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் வகுப்பு வரை நான் அந்தக் காலி மணல்வெளியில்தான் வளர்ந்தேன். அப்பா அங்கே உறவுக்காரர் படகில் கடலுக்குப் போனார். அம்மா மீன் விற்றாள். அங்கே இருந்தவை: எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், ஒரு அடிகுழாய், அதன் முன்னால் ஆளில்லாமலே வரிசையில் நிற்கும் குடங்கள், காயும் வலையை மிதித்தால் திட்டுவதற்கென்றே ஒரு பெரியம்மா, மாலையில் இட்லிக் கடையாகிவிடும் ஒரு வாசல். ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே பேரம் பேசுவார்கள்.

பிறகு கடற்கரையை அழகுபடுத்த வேண்டுமென்று எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். கடலிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தொலைவில், மூன்றாம் மாடியில் வீடு தருவதாகச் சொன்னார்கள். படகை மாடியிலா கட்டுவது என்று கேட்டுவிட்டு அப்பா எங்களை ஊருக்கே கூட்டிவந்துவிட்டார்.

தெரு விடுபட்டதை மேலாளருக்கு எழுதினேன். பட்டா, வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று அனுப்பினால் சேர்த்துவிடலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. எங்களிடம் ஒன்றுமில்லை. எங்களுக்கு எதையும் கொடுக்காதவர்களே பிறகு அதைக் காட்டச் சொல்கிறார்கள்.

பதிலைப் படித்துக் காட்டியபோது, மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. “மீன் வாங்க வரப்ப மட்டும் நம்ம தெரு தெரிஞ்சிச்சாக்கும்? படம் போடறப்ப கண்ணு அவிஞ்சு போச்சா?”

அப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மாதா கோயில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி? அதுவும் இருந்தது, பழமைச் சின்னம் என்ற சிவப்புப் புள்ளியோடு.

“அப்புறம் என்ன பாப்பா தேடுற? கடல்லேருந்து பாத்தா, கோயில் சிலுவைக்கு நேர் பின்னால தொட்டி நிக்கணும். அந்தக் குறிய விடாம கரைக்கு வந்தா, படகு மூக்கு நம்ம தெரு வாயிலதான் வந்து முட்டும்.”

தொட்டியிலிருந்து சிலுவை வழியாகக் கடலை நோக்கி ஒரு கோடு இழுத்தேன். மஞ்சளின் நட்டநடுவில் கரையைத் தொட்டது. எங்களுக்கு வீட்டுக்கு வழிகாட்டிய இரண்டும் வரலாறாம். வீடு மட்டும் வெறும் மணலாம்.

கோடு போட்ட படத்தை அப்பா சொன்ன குறியோடு அனுப்பியதும் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். அழகான கதை என்றார். ஓரத்தில் ஒரு படகுப் படம் போட்டு, மீனவர் நம்பிக்கை என்று சேர்க்கலாமாம்.

“கதை இல்லைங்க சார். முகவரி.”

ஒரு தெருவுக்காகத் தாளை நிறுத்த முடியாது, நாளைக்குள் கையெழுத்து வேண்டும் என்று வைத்துவிட்டார்.

வேறு தாள்களில் குப்பங்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்ட, ஏற்கெனவே முடித்தவற்றைத் திறந்தேன். பதினான்காம் தாளில் அதே மஞ்சள், அதே எழுத்து. பதினைந்திலும் அப்படியே. இரண்டிலும் கீழே இருந்தது என் கையெழுத்து. யாருடைய அடிகுழாய், யாருடைய வாசல் என்று கேட்காமல் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டிருந்தேன். அவர்மேல் இருந்த கோபம் முழுவதும் அங்கேயே என் பக்கம் திரும்பியது.

பதினேழில் கையெழுத்திட மாட்டேன், அந்த இரண்டிலும் போட்டதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி அனுப்பினேன். வேலை போகலாம். இப்போது மூன்று தாள்கள் நிற்கின்றன. அப்பா அந்தக் கரைகளில் தொழில் செய்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்து, எதற்குப் பின்னால் எது நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் குறித்துக்கொள்கிறேன்.