மிளகாய் பூசிய கன்னிமார்

ஏரிக்கரையில் உள்ள ஏழு கற்களை நாளை அகற்றி, அங்கே கார் நிறுத்தப் போகிறார்களாம். 'பதிவு பெறாத வழிபாட்டு உருவங்கள்' என்கிறது எங்கள் அடுக்ககச் சங்கத்தின் அறிவிப்பு. பதிவேடு என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்த கற்கள் அவை. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மிக்சியில் காய்ந்த மிளகாய் அரைபட்டது. தும்மினேன்.

இதே நெமிலிச்சேரியில், என் சின்ன வயதில், ஒரு வருடம் மழை பொய்த்தது. கூலிக்கு நட்ட நாற்று கருகினால் எங்களுக்குக் கஞ்சி இல்லை. அத்தை அம்மியில் மிளகாய் அரைத்து எடுத்துப் போய், எங்கள் கன்னிமாரான அந்த ஏழு கற்களிலும் அப்பினாள்.

"எரியுதா? எங்க வயிறும் இப்டித்தான் எரியுது. மழ வந்தாத்தான் கழுவுவேன்."

பெரிய கோயில் குருக்கள் பதறினார். "தெய்வக் குத்தம்டி!"

"நீ போ சாமி. இது எங்க ஊட்டு சண்ட."

மூன்றாம் நாள் மழை கொட்டியது. அத்தை நனைந்துகொண்டே ஓடி, ஒவ்வொரு கல்லாகக் கழுவினாள். "ரொம்ப எரிஞ்சுதா கண்ணு?" என்று அழுதாள்.

அலுவலகத்தில் காலமெல்லாம் மனுக்களைக் கையாண்டவன் நான். இந்தக் கற்களுக்காக ஏற்கெனவே மூன்று மனு கொடுத்திருந்தேன்; மூன்று ஒப்புகைச் சீட்டுதான் வந்தது. முறைப்படி இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு கிண்ணம் மிளகாய் விழுது கேட்டேன்.

"குழம்புக்கா அங்கிள்?"

"இல்லம்மா, மேல்முறையீட்டுக்கு."