கிரகணத்து மணல்

எங்கள் குப்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்குப் பெருமூளை வாதம். ஒருவன் பக்கத்து வீட்டுப் பையன். இன்னொருத்தி என் மகள். ஊருக்கு இரண்டும் ஒரே வியாதி.

பையன் குறைமாதத்தில் பிறந்தவன். அவன் கால்கள் இறுகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில்தான் நடப்பான். என் மகளின் உடம்பு அப்படி இறுகிக் கிடப்பதில்லை, ஓரிடத்தில் நிற்பதுமில்லை. தம்ளரை எடுக்க நினைத்தால் கை முதுகுப் பக்கம் போகும், வாய் கோணும், பாதம் முறுக்கிக்கொள்ளும். தூக்கத்தில் மட்டும் எல்லாம் அடங்கித் துவண்டு கிடப்பாள்.

சென்னையில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "பேர்தான் ஒண்ணு சார். இறுக்கமா இருக்கறது ஒரு வகை. தானா அசையறது ஒரு வகை. நிலை இல்லாம தள்ளாடறது இன்னொண்ணு. சில பிள்ளைங்களுக்குக் கலந்தும் வரும். உங்க பொண்ணுக்கு ரெண்டாவது. பொறந்தப்ப மஞ்சள் காமாலை ரொம்ப ஏறிடுச்சுன்னீங்களே, அதனால இருக்கலாம். பயந்தா, கோபப்பட்டா உடம்பு இன்னும் முறுக்கும். அழுத்திப் பிடிக்காதீங்க. ஆனா அவளுக்கு எல்லாம் புரியுது."

ஊருக்கு வந்து என் அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன்.

"ரெண்டு வகையாம், மூணு வகையாம். மீனாடா அது, வகை பிரிச்சு கூடையில போட?" என்றாள்.

அக்கா எங்கள் தெருக்கோடியில் இருக்கிறாள். என் மகளுக்குச் சோறு ஊட்டுவதில் அவளுக்கு இருக்கும் பொறுமை எனக்கோ என் மனைவிக்கோ கிடையாது. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடக்காத பிள்ளைகளைச் சூரிய கிரகணம் பிடிக்கும்போது கடற்கரை மணலில் இடுப்பளவு புதைத்து, விட்ட பிறகு எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து வீட்டுப் பையனை முன்பு ஒருமுறை அப்படி வைத்தார்கள். மணலின் சூட்டில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்து, அன்று சாயங்காலம் அவன் குதிகாலைத் தரையில் ஊன்றினான். குப்பமே கூடிப் பார்த்தது. மறுநாள் காலையில் கால் பழையபடி இறுகிக்கொண்டதைப் பார்க்க யாரும் வரவில்லை.

அடுத்த கிரகணத்தன்று நான் ஐஸ் கம்பெனி ஆபீசில் இருந்தேன். மனைவி போன் செய்தாள். "நான் தண்ணி புடிக்கப் போன நேரத்துல அண்ணி பாப்பாவத் தூக்கினு கடலாண்ட போயிட்டாங்க. சீக்கிரம் போங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கரையில் இரண்டு குழிகள். ஒன்றில் பையன் இடுப்பளவு மணலில் உட்கார்ந்து, கிளிஞ்சல்களைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தான். மற்றதில் என் மகளின் தலை மட்டும் தெரிந்தது.

"இடுப்பு வரிக்கும் வச்சா உதறிக்கினு வெளிய வந்துடுதுடா," என்றாள் அக்கா. "அதான் கையையும் உள்ள வச்சு மூடிட்டேன்."

மகளின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே துருத்தி, அதில் மணல் ஒட்டியிருந்தது. "வியாதி எறங்குது பாரு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. எங்கள் ஊரிலிருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வந்த யாரோ இருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மண்டியிட்டுக் கையால் தோண்டினேன்.

"இன்னாடா பண்ற? கிரகணம் இன்னும் விடலடா! பாதியில எடுத்தா எல்லாம் வீணாப்பூடும்!" அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே எடுத்ததும் மகள் இருமினாள். எச்சிலோடு மணல் வந்தது. பிறகு வாயைக் கோணிக் கோணி, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி, "நை...னா" என்றாள்.

அன்றிலிருந்து ஊருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. என் மகள் நடக்காததற்குக் காமாலை காரணமில்லை, மூளை காரணமில்லை. "படிச்ச அப்பன் பாதியில தூக்கிட்டான்." பையனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் காலில் ஆபரேஷன் செய்தார்கள், தாங்குபட்டை கட்டிக்கொண்டு இப்போது நன்றாக நடக்கிறான். அதுவும் மணலின் கணக்கில்தான் சேர்ந்தது.

போன வாரம் அக்கா ஒரு சட்டி நண்டுக் குழம்போடு வந்தாள்.

"மறுபடி கிரகணம் வருதாம்டா. இந்த வாட்டி மண்ணுல முழுசா வச்சுடலாம். நீ வேலைக்குப் பூடு, நான் பாத்துக்கறேன்."

பாயில் கிடந்த மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கால்கள் இரண்டும் பலகைபோல் நீண்டு விறைத்தன. முதுகு வில்லாக வளைந்து பாயைவிட்டு எழும்பியது. கண்கள் என்மேலேயே இருந்தன.

அக்கா கைதட்டினாள். "பாத்தியா! மண்ணுன்னு பேரு சொன்னதுக்கே காலு எப்படி நேரா வருது!"

நான் சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்து, அவளை வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தக் கிரகணம் வந்து முடியும்வரை அவளுக்கு இந்தக் கதவு திறக்காது.

"கொழம்பு இன்னாடா பாவம் பண்ணுச்சு?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

மகளின் கால்கள் தளர வெகுநேரம் ஆயிற்று.