லிந்துலை ஏற்றத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

போன வருடம் ஏப்ரல் மாதம், நுவரெலியாவில் சுற்றுலா சீசன் தொடங்கிய முதல் வாரம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் என் கணவரும் ஹட்டனிலிருந்து என் காரில் புறப்பட்டோம். என் கார் என்று அழுத்தித்தான் சொல்கிறேன். இருபது வருடம் பழைய ஜப்பான் கார் அது. மஞ்சள் நிறம், டர்போ எஞ்சின், கையால் கியர் மாற்றும் வண்டி. கண்டியில் ஒருவரிடமிருந்து வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மிதித்தால் முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும்.

நான் ஒரு கணக்கு டீச்சர். சின்ன வயதில் அக்கரப்பத்தனையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்கு மேலே போகும் பாதையில் என்ன வண்டி வந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அந்தப் பைத்தியம் வளர்ந்து, முப்பத்தெட்டு வயதில் நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டப் பாதையில் நடக்கும் மலையேற்றக் கார் ஓட்டத்தில் பெயர் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு காராகத் தனியாக மேலே ஓடவேண்டும், யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு ஒரு பிரிவு, அதில் பெண்களுக்குத் தனி வரிசை. ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே நுவரெலியாவில் காரைப் பரிசோதனைக்குக் காட்டவேண்டும். பகல் ஒன்றரைக்கு வாசலை மூடிவிடுவார்கள். அதற்குத்தான் அன்று போய்க்கொண்டிருந்தோம்.

பள்ளிக்கூடம் முழுக்க விஷயம் தெரியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பெரிய அட்டையில் வாழ்த்து எழுதி, சக்கரத்துக்குப் பதிலாக நான்கு பூரி மாதிரி எதையோ வரைந்து கொடுத்திருந்தார்கள்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்லவேண்டும். அது அன்று நடந்ததல்ல, மூன்று வாரத்துக்கு முன்பே நடந்துவிட்டது.

எஞ்சின் ஒயில் மாற்றும் நேரம் வந்திருந்தது. ஹட்டன் டவுனில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நாநாவிடம் போனேன். எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயதுதான், ஆனால் ஊரில் எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் நாநா என்பதால் எனக்கும் அவர் நாநா. காரின் பெயரைச் சொன்னதும் அவர் கண் விரிந்தது. உடனே கேள்விகள் ஆரம்பித்தன.

"எத்தன கிலோமீட்டர் ஓடி இரிக்கு டீச்சர்? ஒயில் குடிக்குதா? முந்தி என்ன ஒயில் போட்டிருந்தாங்க? யாரு ஓட்டுறது, ஒங்க ஹஸ்பண்டா, நீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கராஜுக்குப் போனாலும், டயர் கடைக்குப் போனாலும், நான் கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்கிறவர்களையே பார்த்துப் பழகியவள் நான். இவரும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குத் தெரியும் என்று காட்டவேண்டும் என்ற வேகம். இரண்டு நாளாக இன்டர்நெட்டில் படித்திருந்தேன், குளிர் நாட்டுக்காரர்கள் மெல்லிய ஒயில்தான் போடுகிறார்கள் என்று.

"அதெல்லாம் வேணாம் நாநா. ஜீரோ டபிள்யூ டுவென்டி குடுங்க. நுவரெலியாக் குளிருக்கு அதுதான் சரி."

"அது புது ஹைபிரிட் காருக்குப் போடுறது டீச்சர். இது பழைய டர்போ..."

"நான் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் அதையே எடுத்துக் கொடுத்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு மூன்று ஞாயிறும் விடிந்ததும் விடியாததுமாக ஓட்டிப் பழகினேன். கார் பறந்தது. மெல்லிய ஒயில் போட்டதால்தான் என்று கணவரிடம் பெருமை வேறு அடித்தேன். போனட்டைத் திறந்து அளவுக் குச்சியை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்தபோது அவர் பின்னால் நின்று, "நீலமா பொகை வருதே" என்றார். "அது மூடுபனிங்க" என்றேன்.

சனிக்கிழமைக்கு வருவோம். கொட்டகலை தாண்டி, தலவாக்கலை தாண்டி, லிந்துலை ஏற்றம். ரோடு காலியாக இருந்தது. நாளைக்கு எப்படி வளைவெடுக்கவேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொண்டே கொஞ்சம் அடித்துத்தான் ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, டாஷ்போர்டில் ஒயில் விளக்கு சிவப்பாக மின்னியது. அணைந்தது. அடுத்த வளைவில் எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை.

 ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பக்கத்திலேயே ஒரு தோட்டத்தின் கொழுந்து மடுவம். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடம். கொழுந்து ஏற்றும் லொறி ஒன்று வாசலில் நின்றது.

இரண்டு நிமிடம் காத்திருந்தோம். பிறகு சாவியை ஒரு தடவை திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. விளக்கும் அணைந்தது.

"அணைஞ்சிருச்சில்ல, போயிரலாம். வயர்ல ஏதாவது இருக்கும்" என்றார் கணவர். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. மணி பத்தே முக்காலைத் தாண்டிவிட்டது. முதல் கியரைப் போட்டேன்.

"அக்கா! நிப்பாட்டுங்க! ஓஃப் பண்ணுங்க!"

லொறிக்காரத் தம்பி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். முப்பது வயதிருக்கும். நான் பதறிப்போய் அணைத்தேன். அவர் மூச்சு வாங்கியபடி, "மேல ஏறி வரயிலயே பாத்தேன், நீலப் பொகை. போனட்ட தொறங்க" என்றார்.

குச்சியை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு இழுத்தார். நுனியில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். அந்தச் சொட்டை விரல் இடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"என்னக்கா இது, தண்ணி மாதிரி இருக்கு. பழைய டர்போ இவ்வளவு மெல்லிசா போட்டா குடிச்சிரும். மிச்சம் இருக்கிறதும் வளைவுல ஒரு பக்கம் ஒதுங்கிரும், பம்புக்குக் கெடைக்காது. இன்னும் ரெண்டு மைல் அடிச்சிருந்தீங்கன்னா எஞ்சின் இறுகியிருக்கும்."

எஞ்சின் இறுகிவிட்டால் அந்தக் காருக்கு இங்கே வேறு எஞ்சின் கிடையாது. கார் முடிந்தது என்று அர்த்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "லிந்துலையில என்ன ஒயிலாவது வாங்கி ஊத்தலாமா தம்பி?" என்றேன்.

"லொறிக்குப் போடுற தடிப்பு ஒயில்தான் கெடைக்கும். இதுக்குச் சரியானத போட்டாத்தான் நாளைக்கு அடிச்சு ஓட்ட முடியும். தெரிஞ்ச கடை இருக்கா?"

தெரிந்த கடை ஒன்றுதான். போனை எடுத்தேன். அந்த நம்பரை அழுத்தியதுதான் அன்று நான் செய்த மிகக் கஷ்டமான காரியம்.

"நாநா, நான்தான், மஞ்சக் கார் டீச்சர்" என்று நடந்ததைச் சொன்னேன். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன்.  வந்ததோ அதே குரலில், அதே கேள்விகள்.

"எத்தன கிலோமீட்டர் ஓடி இரிக்கு?"

இந்தத் தடவை சொன்னேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

"ஒயில் குடிக்குதா?"

"குடிக்குது நாநா."

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"எப்பிடி ஓட்டுவீங்க? மெதுவாவா, அடிச்சா?"

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிச்சுத்தான் நாநா. நாளைக்கு ரேஸ்."

"அதத்தானே டீச்சர் அண்டைக்கும் கேக்க வந்தேன்" என்றார். ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்பதல்ல அவர் கேள்வி. எஞ்சின் எவ்வளவு சூடாகும் என்பதுதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காரோடு வந்த கையேடு, அந்தச் சின்னப் புத்தகம், உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, ஆனால் முழுக்க ஜப்பான் எழுத்து. அதனால்தான் நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. ஒயில் படம் போட்ட பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். தேடி எடுத்தேன். எழுத்துத்தான் ஜப்பான், எண்கள் எல்லாம் நமக்குத் தெரிந்த எண்கள்! கணக்கு டீச்சரான நான் அந்த அட்டவணையை ஐந்து மாதமாகக் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். நான் போட்ட ஜீரோ டுவென்டி அதில் எங்கேயுமே இல்லை.

"மொத நம்பர் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒயில் எப்பிடி ஓடும்ங்கிறதுக்கு. ரெண்டாவது, சூடானப் பொறகு எவ்வளவு தடிப்பா நிக்கும்ங்கிறதுக்கு. நீங்க வெளிய குளிர மட்டும் பாத்தீங்க. டர்போவுக்கு உள்ள அடுப்பு எரியுது டீச்சர். அந்த அட்டவணைல ஃபைவ் ஃபோர்ட்டி இரிக்கு பாருங்க, ஏத்தத்துல அடிச்சு ஓட்டுற பழைய எஞ்சினுக்கு அதுதான். பில்டரும் சேத்து பதினொன்னேகால் பஸ்ல கண்டக்டர்ட்ட குடுக்கிறேன். பஸ்ஸ விட்ராதீங்க."

அதன் பிறகு நடந்ததுதான் இன்றும் என்னை மயிர்க்கூச்செறிய வைப்பது. பகல் கொழுந்து நிறுக்கக் கூடையோடு வந்து சேர்ந்த பெண்களுக்கு விஷயம் பரவிவிட்டது. "இந்த டீச்சரு ரேஸு ஓடப் போறாங்களாம்டி!" என்று ஒரு அக்கா கத்தினார். பழைய ஒயிலை இறக்கக் காரைக் கொஞ்சம் உயர்த்தவேண்டும். எஞ்சினைப் போடக்கூடாது. லொறித் தம்பி இரண்டு பலகைகளைச் சரிவாக வைத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்கக் கல்லும் எடுத்து வைத்தார். கூடைகளை இறக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காரின் பின்னால் கைவைத்தார்கள். "தள்ளு! தள்ளு!" என்று என் கணவர் சத்தம் போட, ஒரே மூச்சில் கார் பலகைமேல் ஏறிவிட்டது.

தம்பி அடியில் படுத்து, லொறியிலிருந்த ஸ்பேனரால் அடைப்பைக் கழற்றி, இருந்த கொஞ்ச ஒயிலை மண்ணில் சிந்தாமல் ஒரு பழைய கேனில் பிடித்தார். நான் மணியைப் பார்த்தபடி வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு. பன்னிரண்டு ஐந்து.

ஹோர்ன் சத்தம் கேட்டது. சீசன் கூட்டம், பஸ் வாசல் வரை ஆள். நிற்கிற மாதிரித் தெரியவில்லை. நான் கையைக் காட்டுவதற்குள் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் ரோட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்! டிரைவர் பிரேக்கை அழுத்தி, சிங்களத்தில் ஏதோ திட்டினார். ஜன்னல் வழியே கண்டக்டரின் கை ஒரு பையை நீட்டியது. "ஹட்டன் நாநா குடுத்தது" என்றார். வாங்கிக்கொண்டு நான் ஓடின ஓட்டம் இருக்கிறதே, காரைவிட வேகம்.

பில்டர் மாற்றி, ஒயில் ஊற்றி, குச்சியில் இரண்டு தடவை அளவு பார்த்து, காரைக் கீழே இறக்கினோம். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. சிவப்பு விளக்கு ஒன்று, இரண்டு, மூன்று விநாடி எரிந்து, அணைந்தது. தம்பி போனட்டுக்குள் தலையை நுழைத்துக் காதைச் சாய்த்தார். 

"தட்டுற சத்தம் இல்ல. எடுங்க டீச்சர்!"

அந்தப் பெண்கள் போட்ட கூச்சல் லிந்துலை டவுன் வரை கேட்டிருக்கும்.

நுவரெலியாவில் வாசலை இழுத்து மூடப் போகும்போது மணி ஒன்று இருபத்தாறு. உள்ளே நுழைந்துவிட்டோம்.

மறுநாள் நான் ஜெயிக்கவில்லை. ஏழு பேரில் நான்காவது. ஆனால் மூன்றாவது வளைவைத் தாண்டி டர்போ விசிலடிக்க மேலே ஏறியபோது, தலைக்கவசத்துக்குள் நான் கத்திய கத்தல் எனக்கு மட்டும்தான் தெரியும். விளக்கு ஒரு தடவைகூட மின்னவில்லை.

அடுத்த வாரம் அந்த மடுவத்தில் நிறுத்தி எல்லாருக்கும் கேக் கொடுத்தோம். லொறித் தம்பி நன்றியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. "குச்சிய பாத்தீங்களா டீச்சர்?" என்றுதான் கேட்டார். பார்த்திருந்தேன்.

ஹட்டன் கடைக்கும் போனேன். அங்கே மீசை வைத்த பெரிய வேன்காரர் ஒருவரிடம் நாநா கேட்டுக்கொண்டிருந்தார்: "யாரு ஓட்டுறது, நீங்களா, மகனா?" நான் வாசலிலேயே நின்று சிரித்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை, நானும் சொல்லவில்லை.

கார் இன்றும் என்னோடுதான் இருக்கிறது. யாராவது என்னை ஒரு கேள்வி கேட்கும்போது, எனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் கேட்கிறார்களோ என்று மனம் இன்னும் ஒரு கணம் விறைக்கத்தான் செய்கிறது. ஆனால் உதவ நினைக்கிறவரும் கேள்வியிலிருந்துதான் தொடங்குவார் என்பதை ஒரு எஞ்சினைப் பறிகொடுக்கும் முன்பே எனக்குக் காட்டிய அந்தச் சனிக்கிழமையால், இப்போதெல்லாம் நான் முதலில் பதில் சொல்கிறேன், கோபப்படுவது பிறகுதான்.