ஆறு மணிக்கு இறங்கிய ஆர்கன்

வியாழக்கிழமை காலை சேதராப்பட்டில் ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். போன் மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எரிச்சலோடு எடுத்தேன். தெரேஸ் அக்காவின் அண்ணன் சேவியர். "தெரேசு போயிட்டா தம்பி. காலைல காபி போட எழுந்தவ அப்படியே உக்காந்துட்டா" என்றார். "சரிண்ணே, வரேன்" என்றேன். அதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நம் ஜாஸ் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். தெரேஸ் அக்கா மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில் மேற்பார்வையாளர். முத்தியால்பேட்டையில் அவர் வீட்டு மாடியில்தான் மாதம் ஒரு ஞாயிறு காலை கூடுவோம். அங்கே ஒரே விதி: இசைத்தட்டின் உறையைப் பார்க்கக் கூடாது. யார் வாசிப்பது என்று தெரியாமலே கேட்டுவிட்டு, பிடித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். பெயர்பெற்ற ஒரு கிட்டார்காரரைச் "சுமார்" என்று சொல்லி நான் மாட்டிக்கொண்டதும், யாருமே கேள்விப்படாத ஓர் ஆர்கன்காரருக்கு எல்லோரும் கை தட்டியதும் அங்கேதான். "ஆர்கன்காரனுக்குக் கையக் கேக்காத, காலக் கேளு" என்பார் அக்கா; ஆர்கனில் கீழ்ச்சுருதிகளைக் காலால் மிதித்துத்தான் வாசிப்பார்கள். அவர் யாரையாவது "பா மால்" என்று சொல்லிவிட்டால் போதும். பிரெஞ்சில் அது 'பரவாயில்லை' என்பதுதான். அக்கா வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

முதல் சந்திப்பிலேயே எனக்கும் அக்காவுக்கும் சண்டை. ஒரு பழைய கேசட்டைப் போட்டார். பல வருடங்களுக்கு முன் இங்கே ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த கச்சேரி. பிரான்சிலிருந்து ஓர் ஆர்கன்காரரும் டிரம்ஸ்காரரும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கிட்டார்காரருக்குக் காய்ச்சல். மில்லில் ஃபிட்டராக இருந்த அக்காவின் அண்ணன் சேவியர் அவருக்குப் பதிலாக மேடை ஏறியிருக்கிறார். பள்ளி மாணவியான தெரேஸ் அக்கா, பேட்டரி டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்.

இருபது நிமிடம் பிரமாதம். அப்புறம் கிட்டாரும் ஆர்கனும் சுருதி ஒட்டாமல் பல் கூசுகிறது. சேவியர் அண்ணன் வாசித்துக்கொண்டே ஒவ்வொரு கம்பியாகச் சுருதியை இறக்கி, மறுபடி ஆர்கனோடு போய்ச் சேர்கிறார். அவர் திருகாணியைத் திருப்புவதை ஊரே பார்த்தது. சுருதி தப்பியவன் திருத்திக்கொண்டான் என்றே பேசிக்கொண்டார்கள். அதோடு அவர் மேடை ஏறவில்லை.

"தப்பு அண்ணன் மேல இல்ல. ஆர்கன்தான் கீழ எறங்குச்சு" என்றார் அக்கா.

"சான்ஸே இல்லக்கா. அந்த மாடல் ஆர்கன்ல உள்ளுக்குள்ள பல்சக்கரம் சுத்தித்தான் சத்தமே வருது. சுருதி மாறவே மாறாது. உங்க அண்ணன்தான் சொதப்பிட்டாரு."

சேவியர் அண்ணன் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"படிச்ச திமிரு. வடைய சாப்புடு, ஆறிடும்" என்றார் அக்கா.

எட்டு மாதம் கழித்து எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் சோதனை. லோடு ஏற ஏற இன்ஜின் திணறி, மீட்டரில் ஐம்பதில் நின்ற மின்சாரத்தின் ஃப்ரீக்வென்ஸி நாற்பத்தெட்டுக்கு விழுந்தது. எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் உறைத்தது. பல்சக்கரம் மாறாது, சரி. அதைச் சுற்றும் மோட்டார்? ஃப்ரீக்வென்ஸி இறங்கினால் அந்த மோட்டார் மெதுவாகும். அது மெதுவானால் ஆர்கன் மொத்தமும் சுருதி இறங்கும். சாப்பாட்டை விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அன்னிக்கு கரண்டு எதுலேந்து?"

"ஜெனரேட்டர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால டமடமன்னு ஓடிச்சு. ஏன், இன்ஜினியருக்கு இப்பதான் மூளைக்கு கரண்டு வருதா?"

"மேடைக்கு லைட்டு எப்ப போட்டாங்க? அதுலதான் லோடு ஏறியிருக்கும்."

"ஆறு மணிக்கு. மாதா கோயில் மணி அடிக்க சொல்ல. மணி கேசட்லயே இருக்குதுடா."

டேப்பின் வேகமே மாறியிருந்தால் என்று யாராவது கேட்பார்கள். நானே கேட்டேன். அதற்கும் அக்காதான் பதில் வைத்திருந்தார்: "அதே மணிதான் இன்னிக்கும் அடிக்குது. மணி சுருதி எறங்குமா?" மறுநாள் மாலை இருவரும் கோயில் வாசலில் நின்று ஆறு மணியைப் பதிவு செய்தோம். கணினித் திரையில் பழைய மணியும் புதிய மணியும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன. டேப் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. மணி ஓய்வதற்குள் ஆர்கன் இறங்கத் தொடங்குகிறது. கிட்டார் மட்டும் இருந்த இடத்திலேயே சுத்தமாக நிற்கிறது.

அடுத்த கூட்டத்தில் சேவியர் அண்ணனை நடுவில் உட்கார வைத்துக் கேசட்டைப் போட்டோம். "நான் சொன்னது தப்புண்ணே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, திரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியும் தம்பி. ஆர்கன மேல ஏத்த முடியாது. அதான் நான் எறங்கிப் போயி சேந்துகிட்டேன்."

"அப்ப ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. பிரான்சு ஆர்கன் கெட்டுப்போச்சுன்னு மில்லு ஃபிட்டர் சொன்னா எவன் நம்புவான்?"

அதற்குப் பிறகு மதியம்வரை, அண்ணன் கம்பிகளை இறக்கும் அந்த இரண்டு நிமிடத்தையே போட்டுப் போட்டுக் கேட்டோம், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு கம்பியை இறக்கும்போது மற்றக் கம்பிகளில் தாளத்தை விடாமல் பிடித்திருக்கிறார். ஓர் அடிகூடத் தப்பவில்லை. அத்தனை வருடம் அவமானம் என்று நினைத்திருந்த இடம்தான் அந்தக் கேசட்டிலேயே உச்சம். அக்கா கேசட்டை எடுத்து, அதன் அட்டையில் வெறுமையாக விட்டிருந்த வரியில் பேனாவால் எழுதினார்: 'கிட்டார்: சேவியர்.' அண்ணனிடம் நீட்டி, "பா மால்" என்றார். அவர் மறுமாதம் கிட்டாரோடு வந்தார். அதன்பின் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அக்காவின் அடக்கத்தன்றும் வாசித்தார்.

பொறுமையை நான் அக்காவிடம் கற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று யாராவது தனக்கு ஒன்று இப்படிக் கேட்கிறது என்று சொன்னால், முதலில் ஹெட்போனை வாங்கி என் காதில் வைக்கிறேன். அப்புறம்தான் வாயைத் திறக்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.