அண்ணனின் குரலுக்கு வேறொரு முகம்

கடலோர ரயில் கடந்துபோகும்போதெல்லாம் கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த 'அனெக்ஸின்', வீட்டோடு ஒட்டிய அந்தச் சிறிய பகுதியின், யன்னல் கண்ணாடிகள் அதிரும். வீட்டுக்கார அம்மாவின் தொலைக்காட்சியில் பாடிக்கொண்டிருப்பவரின் முகம் இரண்டு மூன்றாகக் கிழிந்து மறுபடி ஒன்றுசேரும். யுத்தத்துக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா, அண்ணன், நான் மூவரும் தரையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளைப் பார்ப்போம்.

அந்த நாட்களில் கொழும்பில் ஒருவர் எடுத்த சிறிய தமிழ்ப் படத்தில் அண்ணனுக்கு ஒரு பாட்டுக் கிடைத்தது. படம் வருவதற்கு முன்பே பாட்டைக் காட்சியாக எடுத்துத் தொலைக்காட்சியில் போடவேண்டும், அதைப் பார்த்துத்தான் சனம் 'கசெற்' வாங்கும், பாடுகிறவனுக்கும் பெயர் வரும் என்றார் படக்காரர். அண்ணனையே கடற்கரையில் பாடவைக்க நினைத்திருந்தார். அம்மா மறித்துவிட்டார். வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள் யார் கண்ணிலும் படாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அவர் நம்பினார்.

"என்ர பிள்ளையின்ர முகமும் வேண்டாம், பேரும் வேண்டாம். குரலை மட்டும் எடுங்கோ, ஐயா."

"முகமில்லாத பாட்டை ஆரம்மா வாங்குவினம்?"

"அப்ப வேற ஆற்றையேன் முகத்தைப் போடுங்கோ."

கொட்டாஞ்சேனைப் புடவைக்கடையில் வேலைசெய்த வடிவான ஒருவன் வாயசைத்தான். திரையிலும் கசெற் உறையிலும் பாடியவர் என்று அவன் பெயரே வந்தது. கலியாண வீடுகளுக்கு விருந்தாளியாக அவனைத்தான் கூப்பிட்டார்கள். "என்ர குரலுக்குக் கலியாணம் முடிஞ்சுது, மாப்பிள்ளைதான் வேற ஆள்" என்று அண்ணன் சிரித்தார். ஆனால் அந்தப் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

சில மாதங்களில், ஒரு விடிகாலை, எங்கள் ஒழுங்கையில் 'ரவுண்டப்', இராணுவத்தின் சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் வீதியில் நிறுத்தி, கொழும்பில் என்ன வேலை என்று விசாரித்தார்கள். சினிமாவில் பாடுகிறேன் என்று அண்ணன் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, பாட்டின் பெயரையும் சொன்னார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்த அதிகாரி, பாடு பார்க்கலாம் என்றார். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி அண்ணன் முதல் வரிகளைப் பாடினார்.

"ஹொந்தய் மல்லி", நல்லாயிருக்கு தம்பி, என்று அதிகாரி பாராட்டினார். பிறகு, அந்தப் பாடகனின் முகம் தனக்குத் தெரியும், இது அவனல்ல, பொய் சொல்கிறான் என்று ட்ரக்கைக் காட்டினார்.

அம்மா என்னை முன்னால் தள்ளினார். எங்கள் வீட்டில் எனக்குத்தான் சிங்களம் சரளமாக வரும். "சொல்லடா! நான்தான் முகத்தை மாத்தச் சொன்னனான் எண்டு சொல்லு!" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லவேண்டிய சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. வாய் திறக்கவில்லை. ட்ரக் போய்விட்டது. பொரளை முதல் இரத்மலானை வரை சிறைகளிலும் முகாம்களிலும் விசாரித்துத் திரிந்தும் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

இன்று அந்த ஒழுங்கையில் கடலை மறைத்து மாடிகள் நிற்கின்றன. கசெற் கடைகள் இல்லை. படம் வெளிவரவே இல்லை. பாட்டு மட்டும், யாரோ ஏற்றிவிட்டதில், வாயசைத்தவனின் முகத்தோடு என் கைப்பேசியில் வருகிறது. இப்போது வெளிநாட்டில் இருக்கும் அவனுடைய குரல் என்று நினைத்துப் புகழ்ந்து அதன்கீழே பலர் எழுதியிருக்கிறார்கள். பாடியவர் என் அண்ணன் என்று எழுதத் தொடங்குவேன், அழித்துவிடுவேன்.

சில பின்னேரங்களில் அதைப் போடச் சொல்லி அம்மா கேட்பார். போட்டுக் கொடுத்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார்.