மிதிக்காத பிரேக் போட்ட சத்தம்

போன சனிக்கிழமை காலை. நாலு நாள் மழையில் நனைந்து நின்ற காரை எடுத்துக்கொண்டு நானும் மனைவி சரஸ்வதியும் வளையல் வாங்கக் கிளம்பினோம். தெருமுனையில் பிரேக்கில் கால் வைத்தேன்.

கர்ர்ர்ர்…

இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம்.  மறுநாள் மகளுக்கு வளைகாப்பு. நசரத்பேட்டையில், அவள் மாமியார் வீட்டில். விருந்து முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு ஆவடிக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்து வர வேண்டும். என் காரில், நானே ஓட்டி. ஆறு மாதமாக நான் கனவு கண்டுகொண்டிருந்த பயணம் அது.

"இந்த வண்டியிலயா நாளைக்கு அவளை ஏத்தப் போறீங்க?" என்றாள் சரஸ்வதி. "பேசாம டாக்ஸி சொல்லிடுங்க."

வலித்தது.  பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் இந்த ஹைபிரிட் காரை வாங்கியபோது இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் மூன்று வாரம் பெருமை அடித்தவன் நான். பழைய பெட்ரோல் காரில் அறுபதாயிரம் கிலோமீட்டருக்குள் இரண்டு முறை பிரேக் பேட் மாற்றினேன். இதில் அந்தத் தொல்லையே இல்லை என்று எழுதினேனா, இல்லையா? இப்போது இதுவும் அறுபதாயிரத்தைத் தொட்டிருக்கிறது. பேட் தேய்ந்து தீர்ந்தபோது பழைய வண்டி போட்ட அதே சத்தத்தை இதுவும் போடுகிறதே!

வளையல் கடைக்குப் போகவில்லை. உருட்டிக்கொண்டே சென்னீர்குப்பம் போனோம். அங்கே தேவராஜ் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவருடைய அப்பா நெல் விளைத்த நிலத்தில் இவர் கார்களைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்கிறார். பழைய காருக்கும் அவர்தான் டாக்டர். "இன்னா சார், பிரேக்க இந்த மிதி மிதிக்கிற?" என்று அந்தக் காலத்தில் என்னைத் திட்டாத நாளில்லை.

சக்கரத்தைக் கழற்றினார். எட்டிப் பார்த்தார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேடு தீர்ந்துடுச்சா?"

"தீர்றதா? பாதி கூட தேயல சார். டிஸ்க்குதான் துரு புடிச்சுகினு கீது. நீ பிரேக்கே மிதிக்கிறதில்லையா?"

சரஸ்வதிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "எப்படி மிதிப்பார்? மெதுவா நிறுத்தினா டேஷ்போர்டு மார்க் போடுதாம். தொண்ணூத்தாறு வாங்கிட்டு வந்து எங்கிட்ட காட்டுறார். ப்ளஸ் டூவுல வாங்காத மார்க்கு!"

தேவராஜ் விளக்கினார். "சாதா வண்டில நீ மிதிச்சா பேடு, சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கப் புடிக்கும், தேயும். இதுல லேசா கால் வெச்சா மோட்டாரே வண்டிய இழுத்துப் புடிச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்திக்கும். அதான் இதுல பேடு ரொம்ப நாள் வரும். அதுக்குன்னு வேலையே குடுக்காம ஒக்கார வெச்சா? மழைல துரு ஏறிக்கினு கத்துது."

அதாவது… அன்று மிதித்ததற்குத் திட்டு. இன்று மிதிக்காததற்குத் திட்டு!

யோசித்தால், நாம் எல்லோரும் இந்த ரகம்தான். தேய்ந்துவிடும் என்று பயந்தே பாதிப் பொருளைக் கெடுக்கிறோம். விருந்தாளிக்கென்று பீரோவில் வைத்த பெட்ஷீட் மடிப்பிலேயே கிழிகிறது. தொந்தரவு செய்யக் கூடாதே என்று போன் பண்ணாமல் விட்ட நண்பன், ஒருநாள் பண்ணும்போது "யாரு?" என்கிறான்.

துருவைத் தேய்த்து, பிரேக்கின் உள்பாகங்களுக்கு கிரீஸ் வைத்து, சக்கரத்தை மாட்டினார் தேவராஜ். ஒர்க்‌ஷாப் பின்னால் ஆளில்லாத ரோட்டில் என்னை ஓட்டச் சொன்னார். "மிதி சார்! இன்னும் நல்லா மிதி! வாரத்துக்கு ஒருதபா இப்டி மிதிச்சுப் பாரு." ஐந்தாவது மிதியில் சத்தம் போய்விட்டது. அப்பாடா! 

"டாக்ஸி வேணாம்" என்றாள் சரஸ்வதி.

ஞாயிறு மதியம். பின்சீட்டில் மகள், கை நிறைய வளையல். பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி சரஸ்வதி. முப்பதைத் தாண்டாமல் வந்துகொண்டிருந்தேன். பருத்திப்பட்டு அருகே முன்னால் போன ஷேர் ஆட்டோ, கை காட்டிய ஒருவரைப் பார்த்ததும் நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது. மிதித்தேன். கார் நின்றது. சத்தமே இல்லை.

 திரும்பிப் பார்க்கப் பயந்து, "என்னம்மா… ஒண்ணும் இல்லையே?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றாள் மகள், வயிற்றைத் தடவிக்கொண்டே. "உள்ள இருக்கிற ஆளும் உங்களோட சேர்ந்து ஒரு மிதி மிதிச்சுது… அவ்ளோதான்!"